லெதர் சீட்டா, துணி சீட்டா? வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பெரும்பாலும் சீட் பத்திதான், அதனால பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டோம். இன்ஜின், மைலேஜ், டிஸ்ப்ளே எல்லாத்தையும் துருவித் துருவி விசாரிக்கிறவங்க கூட சீட்டை மட்டும் ஷோரூம்ல ஒரு தடவை தடவிப் பாத்துட்டு விட்டுடறாங்க. ஆனா அந்த கார் வீட்ல இருக்கற வரைக்கும் நம்ம முதுகும் தொடையும் ஒட்டிக்கிட்டு இருக்கப்போறது அந்த சீட்லதான், அதனால இதுக்கு கொஞ்சம் நேரம் செலவு பண்றது தப்பே இல்ல.

கேள்வி: புது கார் புக் பண்ணப்போறோம். நடு வேரியன்ட்ல துணி சீட், டாப் வேரியன்ட்ல லெதர். எனக்கு துணியே போதும்னு தோணுது, என் கணவர் லெதர்தான் வேணும்னு நிக்கிறார். கார் தினமும் பகல் முழுக்க ஆபீஸ் வாசல்ல வெயில்ல நிக்கும். வீட்ல ரெண்டு சின்னப் பசங்க. எதை எடுக்கலாம்?

பதில்: உங்க கேள்விலயே பதில் பாதி இருக்கு மேடம். கார் எங்க நிக்கும், யார் உக்காருவாங்க, இந்த ரெண்டையும் நீங்களே எழுதிட்டீங்க, சீட் விஷயத்துல முடிவு பண்ண வேண்டியது இந்த ரெண்டு தகவலை வச்சுத்தான்.

முதல்ல வெயில். வெயில்ல நிக்கிற காரோட உள்பக்கம் எவ்ளோ சூடாகும்னு 2018-ல அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க பங்கெடுத்த ஒரு ஆய்வு வந்துச்சு. நல்ல வெயில் நாள்ல ஒரு மணி நேரம் நிறுத்தின கார்கள்ல டேஷ்போர்டு சராசரியா 69 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங் 53, சீட் 51 டிகிரி வரைக்கும் போயிருக்கு. துணி சீட்டும் சூடாகும்தான், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா தொடும்போது தெரியற சூடு வேற. லெதரோ ரெக்ஸினோ வழவழப்பா இருக்கும், தோல் மேல முழுசா ஒட்டும், அதனால சூடு சட்டுனு நமக்குள்ள இறங்கிடும். துணில நூலுக்கு நூல் நடுவுல காத்து இருக்கு, உடம்பு அங்கங்கதான் தொடும், அதனால அதே 51 டிகிரில இருந்தாலும் அந்த அளவு சுடாது. குளிர் காலத்துல இதே கணக்கு தலைகீழா வரும், லெதர்ல உக்காந்தா சில்லுனு இருக்கும், துணில இருக்காது. அரை டிராயர் போட்ட பசங்கள மத்தியானம் அந்த சீட்ல உக்கார வைக்கப்போறது நீங்கதான், அதை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

அடுத்து வேர்வை. துணி வழியா ஈரம் கொஞ்சமாவது உள்ள போய் ஆறும். கார்ல வர்ற லெதர் எல்லாத்துக்கும் மேல ஒரு கோட்டிங் இருக்கும், ரெக்ஸின் வகைன்னா மேல இருக்கறதே பிளாஸ்டிக்தான், ஈரம் போக வழியே இல்லாம முதுகுலயே நிக்கும். குட்டி குட்டி ஓட்டை போட்ட வகை இருந்தா கொஞ்சம் தேவலாம்.

இப்ப உங்க கணவர் பக்கம் வர்றேன், ஏன்னா அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சின்னப் பசங்க இருக்கற வீட்ல எதாவது ஒண்ணு கொட்டிக்கிட்டேதான் இருக்கும். லெதர் மாதிரி சீட்னா ஈரத்துணி எடுத்து ஒரு துடை, முடிஞ்சுது. துணில கொட்டினா அது துணியோட நிக்காது, கீழ இருக்கற ஃபோம் வரைக்கும் இறங்கும், அங்கதான் வாடை பிடிக்கும். தூசியும் துணிலதான் அதிகம் தங்கும். துடைக்கிற சுகம் லெதர் வகைக்கு இருக்கற பெரிய பலம், அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ரெண்டையும் வச்சுப் பாத்தா உங்க வீட்டுக்கு நான் துணின்னுதான் சொல்லுவேன். கொட்டறது என்னைக்காவது நடக்கற விஷயம், அதுக்குத் தயாரா இருந்துக்கலாம், ஆனா வெயில் தினமும். பின் சீட்ல பசங்க உக்கார்ற இடத்துக்கு, சைல்டு சீட் கம்பெனி சம்மதிக்கிற மாதிரி ஒரு மேட் போட்டுட்டா பாதிப் பிரச்சனை தீந்துடும். ஆனா ஒரே ஒரு விஷயம் பாத்துக்கங்க, டாப் வேரியன்ட்ல லெதரோட சேத்து கூடுதல் ஏர்பேக் மாதிரி பாதுகாப்பு சமாச்சாரம் ஏதாவது வருதா, நடு வேரியன்ட்ல அது இல்லையான்னு ப்ரோஷர்ல வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க. அப்படி இருந்தா என் பதில் மாறிடும், சீட் துணியை மறந்துட்டு டாப் வேரியன்ட்டையே எடுங்க. சீட்டை சமாளிச்சுக்கலாம், இல்லாத ஏர்பேக்கை பின்னாடி வாங்கி மாட்ட முடியாது.

கேள்வி: ஷோரூம்ல "இது லெதர் சார்"னு அடிச்சுச் சொல்றாங்க. ப்ரோஷர்ல "லெதரெட்"னு போட்டிருக்கு. எதை நம்பறது?

பதில்: ப்ரோஷரை. லெதரெட்னா தோல் இல்ல. அடியில ஒரு துணி, அது மேல பிவிசி இல்லன்னா பாலியூரித்தேன் பூச்சு, அதுல தோல் மாதிரி கோடு அச்சடிச்சிருப்பாங்க, அவ்ளோதான். இதுல அவமானம் ஒண்ணும் இல்ல, பென்ஸ் கார்ல வர்ற எம்பி-டெக்ஸ், பிஎம்டபிள்யூல வர்ற சென்சாடெக், டொயோட்டாவோட சாஃப்டெக்ஸ் எல்லாமே செயற்கைதான், நல்லா செஞ்சா நிறைய வருஷம் ஓடும். ஆனா வாங்கறவருக்கு என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.

"லெதர் சீட்"னு தைரியமா போட்டிருக்கற கார்லயும் முழு சீட்டும் தோலா இருக்கணும்னு இல்ல. நம்ம முதுகும் தொடையும் படற இடம் மட்டும் தோல், சைடும் பின்பக்கமும் ஹெட்ரெஸ்ட்டோட பின்னாடியும் ரெக்ஸின், இது ரொம்ப சகஜம். அதனால சேல்ஸ்மேன் கிட்ட "லெதரா?"ன்னு கேக்காதீங்க, "எந்தெந்த பகுதி நிஜத் தோல், எது இல்ல, எழுத்துல எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. அதுலயே பாதிப் பேர் உள்ள போய் மேனேஜரைக் கேட்டுட்டு வருவாங்க.

வெளில கடையில தைக்கக் குடுக்கறீங்கன்னா வெட்டின ஓரத்தைக் காட்டச் சொல்லுங்க. நிஜத் தோல்னா ஓரத்துல நார் நாரா, பிசிறா இருக்கும். ரெக்ஸின்னா அடியில நெய்த துணியோ பின்னல் துணியோ தெளிவாத் தெரியும். தோல் துகளை பசை போட்டு ஒட்டிச் செய்யற "பாண்டட் லெதர்"னு ஒண்ணும் இருக்கு, பேர்ல லெதர் இருக்கு, உழைப்புல இல்ல, அதை சீட்டுக்குப் போடாதீங்க. தண்ணி சொட்டு விட்டுப் பாக்கறது, மோந்து பாக்கறது இதெல்லாம் கார் லெதர்ல சரியா வராது, கோட்டிங் இருக்கறதால தண்ணி உறிஞ்சாது, வாசனையைத் தனியா சேக்கவும் முடியும்.

கேள்வி: நாலு வருஷத்துலயே என் கார் சீட் தோல் உரியற மாதிரி உரிஞ்சு வருது. லெதர் க்ரீம் போட்டா சரியாகுமா?

பதில்: ஆகாது, மன்னிச்சுக்கங்க. உரிஞ்சு வருதுன்னாலே அது அநேகமா பாலியூரித்தேன் பூச்சு போட்ட ரெக்ஸின், நிஜத் தோல் காய்ஞ்சா வெடிக்கும், இப்படி தாள் தாளா உரியாது. சூடும் காத்துல இருக்கற ஈரமும் சேந்து அந்தப் பூச்சோட வேதிப் பிணைப்பையே உள்ளேர்ந்து அறுத்துடும். வெளில என்ன தடவினாலும் அறுந்தது ஒட்டாது. பிவிசின்னா வேற கதை, அதை மெதுவா வச்சிருக்கற எண்ணெய் மாதிரி ஒரு சேர்மானம் சூட்டுல மெல்ல மெல்ல வெளியேறிடும், அப்புறம் சீட் கெட்டியாகி வெடிக்கும். புது கார்ல முன் கண்ணாடி உள்பக்கம் எவ்ளோ துடைச்சாலும் ஒரு மங்கலான படலம் வருதே, அதுக்கு ஒரு காரணம் கேபின்ல இருக்கற இந்த மாதிரி பிளாஸ்டிக்லேர்ந்து ஆவியா கிளம்பி வந்து ஒட்டறதுதான்.

முழு சீட்டையும் மாத்தணும்னு அவசியம் இல்ல. உரிஞ்ச துண்டை மட்டும் பிரிச்சு அதே அளவுல புதுசா தச்சு வைக்கிற அப்ஹோல்ஸ்டரிக்காரங்க இருக்காங்க. ஆனா உரிஞ்சது கதவுப் பக்க ஓரம்னா, கீழ ஏர்பேக் பத்தி எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு அப்புறம் கை வைங்க. வாரன்ட்டி இன்னும் இருந்தா முதல்ல கம்பெனிக்கு போட்டோவோட எழுதுங்க, சீட் துணிக்கும் வாரன்ட்டி உண்டான்னு நிறைய பேர் கேக்கறதே இல்ல.

கேள்வி: துணி சீட் கார் வாங்கிட்டு வெளில லெதர் சீட் கவர் போட்டுக்கலாம்னு நண்பர் சொல்றார், காசும் மிச்சமாம். சரிதானா?

பதில்: இதுக்கு கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா இது அழகு விஷயம் இல்ல, உயிர் விஷயம்.

சைடு ஏர்பேக்கை முதன்முதல்ல 1994-ல வால்வோ கொண்டு வந்துச்சு, அவங்க 850 மாடல்ல. அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நிறைய கார்கள்ல அந்த ஏர்பேக் உக்காந்திருக்கற இடம் முன் சீட் சாய்மானத்தோட கதவுப் பக்க ஓரம். சீட் ஓரத்துல ஒரு சின்ன டேக்ல ஏர்பேக்னு எழுதி தச்சிருக்கும், இப்பவே போய்ப் பாருங்க. பக்கவாட்டுல இன்னொரு வண்டி மோதினா நமக்கும் அந்த வண்டிக்கும் நடுவுல இருக்கறது ஒரு கதவு மட்டும்தான், அதனால கண் இமைக்கறதுக்குள்ள அந்தப் பை விரியணும். அது வெளில வர்றதுக்காகவே சீட் துணில ஒரு தையலை பலவீனமா, குறிப்பிட்ட நூல்ல, குறிப்பிட்ட இடைவெளில போட்டிருப்பாங்க. அந்த தையல் கிழிஞ்சு பை வெளில வரும்.

இப்ப அந்த தையல் மேல தடிமனா ஒரு கவரை இழுத்து மாட்டினா என்ன ஆகும்? பை கிழிச்சுக்கிட்டு வர லேட் ஆகலாம், இல்லன்னா திசை மாறி விரியலாம். அந்த நேரத்துல ஒரு நொடில நூறுல ஒரு பங்கு கூட பெரிய நேரம். "ஏர்பேக்குக்கு ஒத்துப்போகும்"னு அட்டையில எழுதியிருந்தா மட்டும் போதாது, எந்த காருக்கு டெஸ்ட் பண்ணினது, உங்க மாடலுக்கு பண்ணினதான்னு கேளுங்க. சில கவர்ல ஓரத்தை திறந்தே விட்டிருப்பாங்க, அது பரவால்ல. பழைய துணியை உரிச்சுட்டு புதுசா தைக்கிறதுன்னா இன்னும் ஆபத்து, கடைக்காரர் அழகா இருக்கணும்னு அந்த ஓரத் தையலை டபுளா, கெட்டி நூல்ல போட்டுக் குடுத்துடுவார், அவர் மேல தப்பு சொல்ல முடியாது, கெட்டியா தைக்கிறதுதான் அவர் தொழில்.

இன்னொண்ணு, முன்னாடி பயணி சீட்டுக்குள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்கற சென்சார் இருக்கும். பெல்ட் போடலைன்னா கத்தறது அதை வச்சுத்தான், சில கார்கள்ல ஏர்பேக் விரியணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் அதை வச்சுத்தான். சீட்டைப் பிரிச்சு மாட்டும்போது அந்த வயர் மடங்கினாலோ சென்சார் நகந்தாலோ டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரிய ஆரம்பிச்சுடும். அந்த லைட்டோட வண்டி ஓட்டறது, ஏர்பேக் இல்லாத கார் ஓட்டற மாதிரின்னு வச்சுக்கங்க.

நெருப்பும் இருக்கு. கார் உள்ள போடற துணி, ஃபோம் எதுலயும் தீ நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல பரவக்கூடாதுன்னு அமெரிக்காவுல 1972-லேர்ந்தே விதி இருக்கு, கம்பெனி போட்டுக் குடுக்கற சீட்டுக்கு இந்த மாதிரி சோதனை உண்டு. வெளில வாங்கற மலிவு கவருக்கு அப்படி யாராவது சோதிச்சாங்களான்னு கடையில கேட்டுப் பாருங்க, பதில் வர்றதே அபூர்வம்.

அதனால உங்களுக்கு லெதர் மாதிரிதான் வேணும்னா கம்பெனியே அக்சஸரியா குடுக்கற, உங்க மாடலுக்குன்னு செஞ்ச கவரை பில்லோட, எழுத்துல வாங்குங்க. காசு மிச்சம் பண்ண வேற நூறு இடம் இருக்கு.

கேள்வி: வெளிர் பீஜ் கலர் லெதர் ரொம்பப் பிடிச்சிருக்கு. எடுக்கலாமா?

பதில்: நீங்க ஜீன்ஸ் போடறவர்னா யோசிங்க. ஜீன்ஸோட நீலச் சாயம் வேர்வையோட சேந்து சீட்ல இறங்கும், முதல்ல தெரியாது, ஒரு நாள் திடீர்னு பாத்தா டிரைவர் சீட் மட்டும் நீலம் பாஞ்சு இருக்கும், பழசான கறை முழுசா போகாது. ஆனா வெளிர் நிறம் வெயில்ல கறுப்பை விட கம்மியாத்தான் சூடாகும், அது அதோட பிளஸ். நடுவுல சாம்பல், பழுப்பு இப்படி ஏதாவது கிடைச்சா அதுதான் என் ஓட்டு.

கேள்வி: துணி சீட்ல குழந்தை பால் கொட்டிடுச்சு. ரெண்டு வாரமா வாடை போக மாட்டேங்குது. வெந்நீர் ஊத்தித் தேய்ச்சேன், சென்ட் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல.

பதில்: வெந்நீரை நிறுத்துங்க. பால்ல இருக்கற புரதம் சூட்டுல இறுகி நூலோட ஒட்டிக்கும், எடுக்கறது இன்னும் கஷ்டம். சென்ட் வாடையை மூடும், எடுக்காது, ஏசி போட்டதும் ரெண்டும் கலந்து இன்னும் மோசமா வரும்.

வாடை வர்றது மேல் துணிலேர்ந்து இல்ல, உள்ள ஃபோம்ல தங்கின பாலை பாக்டீரியா தின்னுக்கிட்டு இருக்கறதுலேர்ந்து. அதனால மேல மேல தேய்ச்சு பலன் இல்ல. என்சைம் கிளீனர்னு கேட்டு வாங்குங்க, அந்தப் புரதத்தையே உடைக்கிறது அதுதான். முதல்ல பச்சைத்தண்ணி லேசா தெளிச்சு, வெள்ளைத் துணி வச்சு அழுத்தி அழுத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் கிளீனரை பால் எவ்ளோ ஆழம் போயிருக்குமோ அவ்ளோ ஆழம் போற அளவுக்கு விட்டு, டப்பாவுல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஊற விடுங்க, இந்த ஊற விடற இடத்துலதான் எல்லாரும் அவசரப்படறாங்க. பிறகு ஈரத்தை உறிஞ்சற வேக்யூம் வச்சு எடுத்துட்டு, கதவு நாலையும் தொறந்து ஃபேன் போட்டு முழுசா காய விடுங்க. அரைகுறையா காய்ஞ்சா பூஞ்சை வந்து இன்னொரு வாடை ஆரம்பிக்கும். பக்கெட் பக்கெட்டா தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, சீட்டுக்குள்ள வயரும் சென்சாரும் இருக்கு. இதுக்கும் போகலைன்னா சீட்டைக் கழட்டி ஃபோமை எடுத்து சுத்தம் பண்றவங்க கிட்டதான் போகணும்.

அடுத்த தடவைக்கு: கொட்டின முதல் அஞ்சு நிமிஷம்தான் எல்லாம். கார்ல ஒரு பழைய காட்டன் துண்டு எப்பவும் இருக்கட்டும்.

கேள்வி: லெதர் சீட்டை எப்படிப் பராமரிக்கறது? சானிடைசர் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: சானிடைசர் கூடவே கூடாது, அதுல இருக்கற ஆல்கஹால் மேல் கோட்டிங்கை அரிச்சு மங்க வச்சுடும். கையில சானிடைசர் போட்டா காயற வரைக்கும் சீட்டையும் ஸ்டியரிங்கையும் தொடாதீங்க. வினிகர், வீட்டு பாலிஷ், பளபளன்னு ஆக்கற சிலிகான் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், பளபளப்பு வந்தா வழுக்கலும் வந்துடும், பிரேக் போடும்போது உடம்பு முன்னாடி சறுக்கும்.

சீட்டைக் கெடுக்கறது பெரும்பாலும் மண் துகள்தான். அது மேல நாம உக்காந்து நகந்து நகந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆயிடும். அதனால முதல்ல வேக்யூம், அப்புறம் லெதருக்குன்னே வர்ற மைல்டான கிளீனரை மைக்ரோஃபைபர் துணில எடுத்துத் துடைக்கணும். ஓட்டை போட்ட சீட்னா திரவத்தை நேரா சீட் மேல ஊத்தாம துணில எடுத்துக்கங்க, ஓட்டை அடைச்சுக்கும். லெதர் கண்டிஷனர் பத்தி பெரிசா விளம்பரம் வரும், ஆனா கார் லெதர்ல கோட்டிங் இருக்கறதால அது உள்ள போறது ரொம்பக் கம்மி, துடைக்கறதை ஒழுங்கா செஞ்சாலே போதும். சீட் முதல்ல தேயறது டிரைவர் ஏறும்போது உரசற வெளி ஓரம், சறுக்கிக்கிட்டு ஏறாம உடம்பைத் தூக்கி உள்ள வச்சு உக்காந்தா அந்த ஓரம் ரொம்ப நாள் வரும்.

கேள்வி: வென்டிலேட்டட் சீட் நிஜமாவே உபயோகமா, இல்ல விளம்பரமா?

பதில்: லெதர் வகைதான் எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, வெயில் ஊர்ல இருந்தா, கண்டிப்பா உபயோகம். 1997-ல சாப் 9-5 கார்ல இது வந்தப்ப பெரிய சொகுசு, இப்ப சாதாரண கார்லயும் வருது. சீட்டுக்குள்ள சின்ன ஃபேன் இருக்கும், அது ஓட்டைங்க வழியா காத்தை இழுக்கும் இல்லன்னா தள்ளும். பல கார்ல அது தனியா குளிர்ச்சி பண்றது இல்ல, கேபின்ல இருக்கற காத்தைத்தான் நகத்தும். அதனால வண்டி எடுத்த உடனே ஜில்லுனு இருக்கலையேன்னு ஏமாறாதீங்க, ஏசி கேபினைக் குளிர வச்சதுக்கு அப்புறம்தான் அதோட அருமை தெரியும், முதுகு நனையாது. அது மேல சீட் கவர் போட்டா காசு குடுத்து வாங்கினதை நாமளே மூடின மாதிரி.

கேள்வி: எனக்கு முதுகு வலி. லெதர் நல்லதா துணி நல்லதா?

பதில்: வலிக்கு மேல் துணி காரணம் இல்ல, அடியில இருக்கற ஃபோமும் சீட்டோட வடிவமும்தான். லெதர் பாக்க மெத்து மெத்துனு தெரியும், அது ஷோரூம்ல அஞ்சு நிமிஷம்தான். இடுப்புக்கு சப்போர்ட் அட்ஜஸ்ட் பண்ண முடியுதா, தொடை முழுக்க சீட்ல தாங்குதா, உயரம் ஏத்தி இறக்க முடியுதான்னு பாருங்க. டெஸ்ட் டிரைவ் நீளமா கேளுங்க, முக்கா மணி நேரமாவது. துணிக்கு ஒரு சின்ன அனுகூலம் இருக்கு, அது உடம்பைப் பிடிச்சு வைக்கும், வளைவுல நாம சறுக்காம இருக்க தசையை இறுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. ரேஸ் கார் சீட்ல வழுக்கற தோலை விட பிடிப்பான துணியை விரும்பறதுக்கும் இதான் காரணம். வலி ரொம்ப நாளா இருந்தா டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் கார் பாருங்க.

கேள்வி: வீட்ல நாய் இருக்கு.

பதில்: துணில முடி நூலுக்குள்ள பின்னிக்கும், எடுக்கறது பெரிய வேலை. லெதர்ல முடி ஒட்டாது, ஆனா நகம் கிழிக்கும், கிழிஞ்ச கோடு போகாது. எது எடுத்தாலும் பின் சீட்ல தொட்டில் மாதிரி தொங்கற நாய் விரிப்பு ஒண்ணு வாங்கிடுங்க, நாய்க்கு பெல்ட் ஹார்னஸும் வாங்குங்க. அது இருந்தா துணி சீட் தாராளமா போதும்.

கேள்வி: மிருகத் தோல் எங்க வீட்ல யாருக்கும் உடன்பாடு இல்ல. துணி சீட் எடுத்தா போதும்ல?

பதில்: போதாது, ஸ்டியரிங்கையும் பாருங்க. துணி சீட் போட்ட கார்லயும், ரெக்ஸின் சீட் போட்ட கார்லயும் ஸ்டியரிங், கியர் நாப் மேல சுத்தியிருக்கறது நிஜத் தோலா இருக்கறது உண்டு. இதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் எழுத்துல கேக்கணும். சில கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பிட்டாங்க, இனி வர்ற முழு எலக்ட்ரிக் கார் எல்லாம் தோல் இல்லாமத்தான் வரும்னு 2021-ல வால்வோ அறிவிச்சுது. மெத்துனு ஸ்வேட் மாதிரி வர்ற அல்கான்டாராவும் தோல் இல்ல, 1970-ல ஜப்பான்ல டோரே கம்பெனில கண்டுபிடிச்ச பொருள், பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்தது. சுற்றுச்சூழலுக்காகவும் யோசிக்கிறீங்கன்னா செயற்கை லெதர் பெட்ரோலியத்துலேர்ந்து வர்றதுங்கறதை மனசுல வச்சுக்கங்க, பழைய பிளாஸ்டிக் பாட்டில்லேர்ந்து நூல் எடுத்து நெய்யற சீட் துணியும் இப்ப வருது, அது கிடைக்கற மாடல் இருக்கான்னு பாருங்க.

கேள்வி: துணி சீட் எடுத்ததுக்கு சொந்தக்காரங்க எல்லாம் "சீப் மாடலா?"ன்னு கேக்கறாங்க. மனசுக்கு கஷ்டமா இருக்கு. விக்கும்போதும் விலை குறையுமா?

பதில்: கஷ்டப்படாதீங்க, இந்த எண்ணம் ஒண்ணும் ஆதிகாலத்துலேர்ந்து வந்தது இல்ல. கார் புதுசா வந்த காலத்து பெரிய வண்டிகள்ல டிரைவர் திறந்த வெளில மழைலயும் வெயில்லயும் உக்காருவார், அவர் சீட்டுக்குத்தான் தாங்கற பொருளா தோல் போட்டாங்க. பின்னாடி மூடின கூண்டுக்குள்ள உக்கார்ற முதலாளிக்கு மெத்துனு கம்பளித் துணி. ஜப்பான்ல டொயோட்டாவோட உச்சகட்ட கார் செஞ்சுரி செடான் கம்பளித் துணி சீட்டோட வருது, தோல் வேணும்னு கேக்கறவங்களுக்கு ஆப்ஷன். ராஜ குடும்பத்துக்கும் அமைச்சர்களுக்கும் போற கார் அது. அந்தத் துணி நகரும்போது கிரீச்சுனு சத்தம் போடாது, வெயில்ல சுடாது, குளிர்ல சில்லுனு இருக்காது.

விக்கற விலை பத்திக் கேட்டீங்க. பெரிய சொகுசு கார்னா வாங்கறவர் லெதரை எதிர்பார்ப்பார், அங்க துணி இருந்தா பேரம் பேசுவார். சின்ன, நடுத்தர கார்ல சீட் சுத்தமா இருக்கறதுதான் பேசும். வெடிச்ச லெதரை விட பளிச்சுனு இருக்கற துணி பாக்கறவங்களுக்குப் பிடிக்கும். நீங்க எடுத்தது நல்ல முடிவுதான், நிம்மதியா ஓட்டுங்க.

கேள்வி: டெலிவரி எடுக்கும்போது சீட் மேல இருந்த பிளாஸ்டிக் உறையை அழுக்காகக் கூடாதுன்னு அப்படியே விட்டிருக்கேன். எவ்ளோ நாள் விடலாம்?

பதில்: இன்னைக்கே எடுத்துடுங்க. அது கம்பெனிலேர்ந்து ஷோரூம் வர்ற வரைக்கும் தூசி படாம இருக்கப் போட்டது, உக்காந்து போறதுக்கு இல்ல. உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு பூஞ்சை பிடிக்கும், புது கார்ல வர்ற அந்த கெமிக்கல் வாடையும் சீக்கிரம் போகாது, வழுக்கும், பெல்ட் போட்டிருந்தாலும் திடீர் பிரேக்ல இடுப்பு கீழ சறுக்கும். மேல சொன்ன சைடு ஏர்பேக் தையல் மேலயும் அது மூடி இருக்கு. பின்னாடி சைல்டு சீட்டை அந்த பிளாஸ்டிக் மேலயே மாட்டியிருந்தீங்கன்னா அது இறுக்கமா நிக்காது, கழட்டிட்டு திரும்ப மாட்டி, அடிப்பக்கம் பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டிப் பாருங்க, எந்தப் பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல நகரக்கூடாது.